செம்மானுக்குக் கட்டிய பரண்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு சலாம் சொன்னவன். ஆனாலும் ஷார்ஜா தொழில்பேட்டையில் என் பட்டறையில் செய்த கேட்டோ கம்பிவேலியோ சரியில்லை என்று திரும்பி வந்ததாக ஒருத்தர் சொல்லட்டும், அன்றைக்கே ஷட்டரை இறக்கிவிட்டு ஊருக்கு விமானம் ஏறிவிடுகிறேன். ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஹெல்பராக வந்து, வெல்டராகி, பிறகு சொந்தப் பட்டறை போட்டு, பதினோரு பேருக்கு வேலை கொடுக்கிறவன் நான். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. ஏறுவதற்கு ஏணி வேண்டும் என்றால் அதையும் நானேதான் வெல்டிங் வைத்துக்கொண்டேன்.

அப்பேர்ப்பட்ட என்னைப் போன வருஷம் ஒரு மான் படுத்திய பாடு சொல்லி மாளாது.

மான் என்றதும் நம் ஊர்ப் புள்ளிமானை நினைத்துக்கொள்ளக் கூடாது. இது செம்மான். குளிர்நாட்டுச் சரக்கு. நின்றால் நல்ல காளைமாட்டு உயரம். வெயில் காலத்தில் செங்கல் நிறத்தில் இருக்கும், குளிர் வந்தால் மண்ணும் சாம்பலும் கலந்த நிறத்துக்கு மாறிவிடும். வாலைச் சுற்றி மட்டும் வைக்கோல் நிறத்தில் ஒரு திட்டு, எந்தக் காலத்திலும் மாறாது. கொம்பு ஆணுக்குத்தான். அதுவும் ஆட்டுக்கொம்பு மாதிரி ஆயுசுக்கும் நிற்கிற கொம்பு இல்லை. வருஷா வருஷம் விழுந்துவிடும், மறுபடி முளைக்கும். முளைக்கும்போது மேலே வெல்வெட்டுத் துணி சுற்றியதுபோல் ஒரு தோல். கொம்பு முற்றியதும் மரத்தில் தேய்த்துத் தேய்த்து அந்தத் தோலை உரித்துப்போடும். முதல்முறை அதைப் பார்த்த அன்று, ரத்தம் வழிய நின்ற மிருகத்தைக் கண்டு, என் வேலிக் கம்பி கிழித்துவிட்டது என்றே நினைத்து வேலிக்கு ஓடினேன். கம்பியை ஓர் அங்குலம் விடாமல் தடவிப் பார்த்தேன். என் கம்பியில் பிசிறு இருக்குமா?

மான்களின் சொந்தக்காரர் எங்கள் அர்பாப். பட்டறை லைசென்ஸில் கையெழுத்துப் போடுகிற உள்ளூர் கூட்டாளி. முப்பது வருஷப் பழக்கம். நல்ல மனிதர், அதில் சந்தேகமே இல்லை. என் ஹஜ்ஜுக்குப் பிறகு என்னை ஹாஜி என்றுதான் கூப்பிடுவார். அவரும் நானும் பேசுவது பாதி அரபி, பாதி இந்தி. ஷார்ஜாவிலிருந்து மலைப்பக்கம் போகிற வழியில் அவருக்கு ஒரு பண்ணை. குளிர்நாட்டுக்குப் போய் மலையில் செம்மான் வேட்டையாடிவிட்டு வந்தவர், அந்த ருசி விடாமல், விமானத்தில் ஒரு கூட்டத்தையே இறக்கிவிட்டார். பனி பெய்கிற ஊர் மிருகத்துக்கு இங்கே கொட்டகை, தண்ணீர் தெளிக்கிற விசிறி, புரள்வதற்குச் சேற்றுக்குளம். எல்லா இரும்பு வேலையும் நான்தான்.

வேட்டைக் கதையை அவர் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. ஈரப்புல்லில் வயிற்றால் ஊர்ந்து போனார்களாம். கூட வந்த வழிகாட்டி, தலையைத் தூக்கினால் பிடரியில் கை வைத்து அமுக்குவானாம். "என் வாப்பாகூட என்னை அப்படி அமுக்கினதில்ல ஹாஜி" என்று சிரிப்பார். அடிக்கடி ஒரு சிட்டிகை காய்ந்த புல்லைக் கிள்ளி மேலே ஊதி, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பானாம். காற்று நம் முகத்தில் அடித்தால் மேலே போகலாம், முதுகில் அடித்தால் அன்றைய வேட்டை கலாஸ். அந்த வழிகாட்டி, முதல் நாளே அர்பாபைக் குளிக்கச் சொல்லி, அத்தர் சீசாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டானாம். இதை எனக்குச் சொன்னவர் அர்பாப்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன கோடைக்குப் பிறகு பட்டறையில் வேலை வற்றிவிட்டது. இரண்டு பெரிய ஒப்பந்தம் கைவிட்டுப் போய், பையன்கள் டீ குடித்து டீ குடித்தே ட்யூட்டியை முடித்தார்கள். பதினோரு பேரில் பாதிப் பேரை ஊருக்கு அனுப்ப வேண்டிய நிலை. அப்போதுதான் அர்பாப் கூப்பிட்டார். பண்ணையில் இப்போது இரண்டு கொம்பன் ஆகிவிட்டன. சின்னது வளர்ந்துவிட்டது. ஒரே வேலிக்குள் இரண்டு கொம்பன் இருந்தால் ஒன்றை ஒன்று குத்திக் கொன்றுவிடும். கிழட்டுக் கொம்பனை அவரே சுடப்போகிறார். காட்டு மிருகம் இல்லை, சொந்தப் பண்ணை மிருகம், அதற்கும் முறையாக அனுமதி வாங்கி வைத்திருந்தார். விருந்தாளிகளை அழைத்து, குளிர்நாட்டில் நடந்தது மாதிரியே ஒரு வேட்டை. அதற்கு ஒரு பரண் வேண்டும்.

"பரண் சரியா வந்துச்சுன்னா பண்ணை முழுக்கச் சுத்துவேலி உனக்குத்தான் ஹாஜி. வரலைன்னா வேற ஆளைப் பார்ப்பேன்."

சுற்றுவேலி என்றால் ஒரு வருஷ வேலை. பதினோரு பேரும் இங்கேயே இருக்கலாம். ஆக என் பையன்களின் விசா ஒரு மானின் கையில் போய் நின்றது.

பரண் கட்டினேன். எப்படிப்பட்ட பரண்! இரும்புச் சட்டம், படிக்கட்டு, மூன்று பக்கம் கண்ணாடி, உள்ளே மெத்தை, ஏசி. பட்டறைக் கணக்கைப் பார்க்கிற என் மகள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "வாப்பா, இது மான் சுடுறதுக்கா, மாப்புள வீட்டுக்குச் சீர் அனுப்புறதுக்கா?" என்றாள். நையாண்டி அவளுக்கு அவள் உம்மா வழி.

முதல் வேட்டை இனச்சேர்க்கைக் காலத்தில். அப்போது கொம்பன் வேறு ஆள் ஆகிவிடும். பிடரியில் முடி அடர்ந்து சிங்கம் மாதிரி தொங்கும். தீனி தின்னாது. தன் மூத்திரத்தில் குழைத்த சேற்றில் புரண்டு கருப்பாக எழுந்து வரும். கழுத்தை நீட்டிக் கத்தும் பாருங்கள், பழைய டீசல் லாரியைக் குளிரில் ஸ்டார்ட் பண்ணுகிற சத்தம். அந்த நேரத்தில் அதற்குப் புத்தி பெட்டைகள்மேல்தான், எளிதாகச் சுடலாம் என்றார் அர்பாப். சாயங்கால அஸர் தொழுதுவிட்டு விருந்தாளிகளோடு பரண் ஏறினார். நானும் என் மச்சானும் கீழே. மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி, பட்டறையில் போர்மேன். வயதில் சின்னவன் என்பதால், அண்ணனைக் கூப்பிடுவதுபோல், என்னைக் காக்கா என்றே கூப்பிடுவான்.

ஒரு மான்கூட வரவில்லை. சேற்றுக்குளம் காலி. பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்கிறவரை உட்கார்ந்திருந்து இறங்கி வந்த அர்பாப், "ஏசி சத்தம் ஹாஜி. மானுக்குக் காது கூர்மை" என்றார்.

ஏசியின் வெளிப்பெட்டியைக் கழற்றி, நீளக் குழாய் போட்டு, பம்ப் ரூமுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தேன். இரண்டாம் வேட்டை. அன்றும் ஒன்றும் வரவில்லை. இப்போது "பெயின்ட் வாசனை" என்றார். பெயின்ட் காய்ந்து ஒரு மாதமாகிறது! காய்ந்த பெயின்ட்டைச் சுரண்டி வேறு பூசினேன். கூடவே "நிறம் சரியில்லை" என்று ஒரு விருந்தாளி சொன்னாராம், அதையும் மாற்றினேன். ஒரு வேலைகூடத் திரும்பி வராதவன் என்று மார்தட்டுகிற நான், ஒரே பரணை மூன்று தடவை செய்தேன்.

"காக்கா, மானுகிட்டயே போய்க் கேட்டுட்டு வரவா?" என்றான் மச்சான்.

"கேளு. உன்னைத்தான் அதுவளுக்குப் பிடிக்குமே, ஒரே மூஞ்சி."

விளையாட்டுக்குச் சொன்னேனே தவிர, அந்தப் பேச்சுத்தான் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஏனென்றால் மான்களுக்கு எங்களைப் பிடிக்கத்தான் செய்தது. வெல்டிங் வைக்கிற நாளெல்லாம் அவை வேலியோரம் வந்து நிற்கும். எரிந்த இரும்பு நாற்றம், எங்கள் வேர்வை நாற்றம், கிரீஸ் நாற்றம், எதற்கும் அஞ்சாது. கூட்டத்தை நடத்துவது கொம்பன் இல்லை என்பதையும் அப்படி நின்று பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். காது கிழிந்த ஒரு கிழட்டுப் பெட்டை. அதுதான் மூக்கைத் தூக்கிப் பார்க்கும். அது ஒரு குரைப்புக் குரைத்தால், நாய் மாதிரியே இருக்கும், பெட்டைகள் எல்லாம் அதன் பின்னால் ஓடும். பெட்டைகள் போனால் கொம்பன் என்ன செய்வான்? கத்திக்கொண்டே பின்னால் போவான். கொம்பு அவனுக்கு, அதிகாரம் அவளுக்கு. பல வீட்டில் பார்த்த சங்கதிதான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, வெள்ளைச் சட்டையும் அத்தருமாக அப்படியே பண்ணைக்குப் போனேன். ஏணிப்படியில் ஒரு போல்ட் பார்க்க வேண்டியிருந்தது. தூரத்தில் நின்ற கிழட்டுப் பெட்டை மூக்கைத் தூக்கியது. ஒரு குரைப்பு. கூட்டம் மொத்தமும் எதிர்மூலைக்கு ஓடியது. முந்தின நாள் என் கையெட்டும் தூரத்தில் நின்றவை! ஏதோ பொறி தட்டியது. கைக்குட்டையில் அத்தரைத் தடவி வேலியில் மேற்குப் பக்கம் கட்டிவிட்டு வந்தேன். மான்கள் கிழக்கு மூலையை விட்டு நகரவில்லை. அதையே கிழக்கே கொண்டுபோய்க் கட்டினேன். காற்று அதன் மணத்தை வேலிக்கு வெளியே கொண்டுபோய்விட்டது. மான்கள் கண்டுகொள்ளவே இல்லை.

அவ்வளவுதான் விஷயம். அந்த நாட்டில் வழிகாட்டி அத்தர் சீசாவைப் பிடுங்கிய கதையை எனக்கு யார் சொன்னார்? அதே அர்பாப், தன் வீட்டில் விருந்தாளிகளைப் பரணில் ஏற்றுமுன் என்ன செய்கிறார்? அரபிக் காப்பி கஹ்வா கொடுக்கிறார், பேரீச்சம்பழம் கொடுக்கிறார், கடைசியில் பகூர் போடுகிறார். அகில் துண்டும் அத்தரும் சேர்ந்த கட்டி, கரியில் வைத்தால் குபுகுபுவென்று புகையும். ஒவ்வொருவரும் தூபக்காலை வாங்கித் தலைத்துணிக்குள் பிடித்து, அங்கிக்குள் பிடித்து, தாடியில் காட்டிவிட்டுத்தான் அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். விருந்தாளிக்குப் பகூர் போடாமல் விடுவது இங்கே, நம் ஊரில் இலை போட்டுவிட்டுச் சோறு போடாத மாதிரி. அத்தனை பேரும் மணக்க மணக்கப் பரண் ஏறினால் மான் வருமா? போதாததற்கு, துப்பாக்கி வாங்கிய புதிதில் அவர்கள் மண்மேட்டில் சுட்டுப் பழகியதும் அதே மணத்தோடுதான். மணம் வந்தால் பின்னாலேயே இடிச்சத்தம் வரும் என்று அந்தக் கிழவி கற்றுவைத்திருக்கிறாள்.

இதை எப்படிச் சொல்வது? பையன்களை நினைத்து ஒருநாள் துணிந்தேன்.

"அர்பாப், மானுக்கு மூக்கு ரொம்பப் பெரிசு. அந்த மலையில உங்க வழிகாட்டி..."

"அது குளிர்நாட்டு மான் ஹாஜி. இது என் மான். என் பண்ணையில பொறந்ததே பாதி இருக்கு."

"இல்ல அர்பாப், பகூர்..."

அவர் முகம் மாறியது. கோபம்கூட இல்லை, வருத்தம். "அது என் உம்மா சொல்லிக்கொடுத்த பக்குவம். எங்க வீட்டுப் பொம்பளைங்க கையால இடிக்கிறது. அதுக்கு ஒரு மிருகம் பயந்து ஓடுதுன்னு சொல்றியா?"

"அஸ்தஃபிருல்லாஹ். நான் அப்படிச் சொல்வேனா" என்று பின்வாங்கினேன். குளிர்நாட்டில் பிடரியில் கை வைத்து அமுக்கியவன் சொல்லைக் கேட்டவர்தான். முப்பது வருஷம் கூட இருப்பவன் சொன்னால் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து கத்தினேன். மகள் அமைதியாகக் கேட்டுவிட்டு, "அவங்க பகூர மாத்த மாட்டாங்க, மானு மூக்க மாத்தாது. நீங்க எதத்தான் மாத்த முடியும்?" என்றாள்.

பரணை. என் கையில் இருப்பது பரண்தானே.

எங்கள் வாப்பா தோணி ஓட்டியவர். காற்றில் கச்சான் எது, கொண்டல் எது, வாடை எது, சோழகம் எது என்று நடக்கப் பழகும்போதே தெரிந்த பிள்ளை நான். இங்கேயும் கடல் இருக்கிறது, காற்றுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பகலெல்லாம் கடலிலிருந்து உள்ளே அடிக்கும். பொழுது இறங்கினால் அது ஓயும். பரண் நின்றதோ மேற்கே, கடல் பக்கத்து மூலையில். பகூர் மணத்தை நேராகக் கிழவியின் மூக்கில் கொண்டுபோய் ஊற்றுகிற இடம். அதை எதிர்மூலைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒருவேளை அன்றைக்குக் காற்று திரும்பினால் அன்றைக்கே நகர்த்த வேண்டும். பரணுக்குச் சக்கரம் வைத்தேன். கட்டட வேலையில் சாரத்துக்கு வைக்கிற பெரிய சக்கரம். நின்றதும் நாலு மூலையிலும் திருகு ஜாக்கியை இறக்கி, சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கிவிடுவது. யானை முட்டினாலும் ஆடாது.

அர்பாபிடம் காற்றைப் பற்றி மூச்சு விடவில்லை. "பழைய இடத்துல நின்னா மானுக்குப் பின்னாடி பக்கத்துப் பண்ணைக் கோழிக்கொட்டகை தெரியுது அர்பாப். படம் பிடிச்சா நல்லா இருக்காது" என்றேன். போனில் ஒரு படம் எடுத்தும் காட்டினேன். உடனே "ஸஹ், ஸஹ், சரிதான். யல்லா, நகர்த்து" என்றார். பருவம் முழுக்க மூளையைக் கசக்கியவனுக்கு ஒரு கோழிக்கொட்டகை கை கொடுத்தது.

மூன்றாம் வேட்டை. பருவம் முடியும் தறுவாய். விருந்தாளிகள் வந்தார்கள், பகூர் சுற்றி வந்தது, பரண் ஏறினார்கள். கஹ்வா ஊற்றிக் கொடுக்க ஆள் இல்லை என்று அன்று என்னையும் மேலே ஏற்றிவிட்டார்கள். நான் ஒரு சிட்டிகை மணலைக் கம்பி இடுக்கில் விட்டுப் பார்த்தேன். எங்கள் பக்கமே பறந்து வந்தது. பகூர் மணம் எங்களுக்குப் பின்னால், வேலிக்கு வெளியே, பாலைவனத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

வந்தாள் கிழவி. மூக்கைத் தூக்கினாள், இறக்கினாள். பின்னால் பெட்டைகள். கடைசியில் கொம்பன், சேறு சொட்டச் சொட்ட, கொம்பில் பிய்த்த புல் தொங்க. கழுத்தை நீட்டிக் கத்தியபோது கண்ணாடி அதிர்ந்தது. அல்லாஹ், என்ன மிருகம்! என் பையன்களின் ஒரு வருஷச் சம்பளம் அந்த நாலு காலில் நின்றுகொண்டிருந்தது.

அர்பாப் துப்பாக்கியைத் தூக்கினார். விருந்தாளிகள் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து போனைத் தூக்கினார்கள். ஒருவர் "யல்லா! யல்லா!" என்று அவர் காதிலேயே சொன்னார். இன்னொருவர் படம் சரியாக விழவேண்டும் என்று அவர் தோள்மேலேயே சாய்ந்தார். குண்டு போனது. மானுக்கு ரொம்பத் தள்ளி மண்மேட்டில் புழுதி எழுந்தது. கிழவி குரைத்தாள். கண் மூடித் திறப்பதற்குள் குளம் காலி.

அர்பாப் தன் காலடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பரண் ஆடிச்சு ஹாஜி. சக்கரம்."

தரையில், என் காலுக்குப் பக்கத்தில், விளிம்பு வரை ஊற்றிய கஹ்வா கோப்பை ஒன்று இருந்தது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அதை நான் பார்த்தேன். தோளில் சாய்ந்தவரும் பார்த்தார். பார்த்துவிட்டு, "ஆமா ஆமா, ஆடிச்சு, எனக்கே தெரிஞ்சுது" என்றார். வாயைத் திறந்தேன். கீழே பிக்கப்பில் சாய்ந்துகொண்டு மச்சான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் விசாவும் இதில்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். கோப்பையை எடுத்து அர்பாபிடமே நீட்டினேன். குடித்தார்.

மறுநாள் பட்டறைக்கு அவரே வந்தார். வேறு ஆள் பார்த்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"ஹாஜி, உன் வேலையாலதான் மான் வந்துச்சு. அது எனக்குத் தெரியும். அந்தச் சக்கரம் மட்டும்தான் தப்பு. அதைக் கழட்டு. பரணைப் பழைய மூலையிலயே வச்சு, கீழ கான்கிரீட் போட்டு, அசையாம வெல்டிங் வச்சிரு. கோழிக்கொட்டகைக்கு நான் பக்கத்துப் பண்ணைக்காரன்கிட்ட பேசி மறைப்பு கட்டச் சொல்றேன். சுத்துவேலி உனக்குத்தான். முபாரக்."

பழைய மூலை. கடல் பக்கத்து மூலை.

"ஹாளிர் அர்பாப், அப்படியே செஞ்சிடுறேன்" என்றேன். வேறு என்ன சொல்ல? என் பின்னால் பதினோரு பேர் டீ டம்ளரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். போகும்போது காரிலிருந்து ஒரு பெட்டி எடுத்துக் கையில் கொடுத்தார். பட்டுத்துணி சுற்றிய பெட்டி. அவர் வீட்டுப் பகூர்.

கான்கிரீட் போட்டு, பரணின் நாலு காலையும் வெல்டிங் வைத்து முடித்தேன். நல்ல வெல்டிங். பூகம்பம் வந்தாலும் அந்த மூலையை விட்டு நகராது. வைத்துக்கொண்டிருக்கும்போதே கூட்டம் வேலியோரம் வந்துவிட்டது. முன்னால் கிழவி, பின்னால் அந்தக் கொம்பன். தப்பித்த திமிர். என் முகமூடிக்கு ரெண்டு கை தூரத்தில் நின்று, வெளிச்சத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு அசை போட்டது.

"காக்கா, இனிமே இதுக்குச் சாவே கெடையாது. நீங்கதான் ஆயுசு எழுதிக் குடுத்துட்டீங்க" என்றான் மச்சான்.

"வாய மூடிட்டு ராடை எடு."

"அந்தப் பெட்டிய வண்டியில வச்சிருக்கேன். கண்ணாடிய ஏத்திட்டேன். கெழவிக்கு மணம் வந்தா நம்மளையும் நாளைக்கு ஏறெடுத்துப் பார்க்க மாட்டா."

இரண்டு கொம்பனையும் பிரிக்க நடுவில் ஒரு வேலி போட்டுக் கொடுத்தேன், அதையும் அர்பாப்தான் யோசித்ததாகச் சொல்லிக்கொள்கிறார். சொல்லட்டும். அடுத்த பருவத்துக்கு விருந்தாளிப் பட்டியல் இப்போதே தயார். சுற்றுவேலி பாதி முடிந்திருக்கிறது, பையன்கள் பதினோரு பேரும் இருக்கிறார்கள். அந்தப் பகூரை என் மனைவி வெள்ளிக்கிழமைதோறும் வீட்டில் புகைக்கிறாள். ஒவ்வொரு தடவையும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் மணத்தில் குறை சொல்ல முடியாது. நல்ல மணம்.